இறுக்கிப் பழகிய கை

அலமாரிப் பட்டறையில் அவருக்குப் பட்டப் பெயர் ‘கிளாம்ப்’. பலகையோடு பலகையைச் சேர்த்து, பசை காய்கிறவரை கவ்விப் பிடித்திருக்குமே ஓர் இரும்புக் கருவி, அதன் பெயர். வைத்தவன் சும்மா வைக்கவில்லை. இரண்டு பலகைக்கு நடுவே ஒரு தாள் நுழைகிற சந்து தெரிந்தால் போதும், மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்க்ரூவைப் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகி, முரண்டு பிடிக்கிற மரத்தை வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். “இறுக்கினா வராதது எதுவும் இல்லப்பா” என்பார். மரத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர் மாட்டிய கதவு எதுவும் இதுவரை தொங்கியதாகப் பேச்சு இல்லை.

கோளாறு என்னவென்றால், அவர் மரத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அவர் மூடி வைத்த டப்பாவைத் திறக்க அவரே வர வேண்டும். வீட்டுக் குழாய்களெல்லாம் அவர் கைப்பட்டு வாஷர் நசுங்கி, அதனாலேயே ஒழுகும். ஒழுகுகிறதே என்று இன்னும் கொஞ்சம் இறுக்குவார். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலையில் அவர் கட்டிவிட்ட ஷூ நாடா சாயங்காலம் கத்தரிக்கோலுக்குத்தான் மசியும். அந்த மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருக்கிறாள். போன் செய்தால் முதல் கேள்வி, “அப்பா குழாய விட்டுட்டாரா, இன்னும் திருகிக்கிட்டுத்தான் இருக்காரா?”

மனைவி முடி வெட்டுகிறவள். கடை கிடையாது, வீடு தேடிப் போய் வெட்டுவாள். யார் வீட்டுக்கு என்றால், எழுந்து வர முடியாதவர்கள் வீட்டுக்கு. இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட கிழவி, வெளியே காலெடுத்து வைக்கவே பயப்படுகிற ஒரு பெண், நரம்புத் தளர்ச்சியில் தலை ஆடிக்கொண்டே இருக்கும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஆடுகிற தலையில் கத்தரியை ஓட்ட அவளுக்கு மட்டும்தான் கை வரும். “அவர் தலை என் கையில வந்ததும் கொஞ்ச நேரம் நின்னுடுதுங்க. அப்ப வெட்டிடுவேன்” என்பாள். அந்த மாஸ்டரை டாக்டரைத் தவிரத் தொட்டுப் பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. அவள் வருகிற நாளில் காலையிலிருந்தே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது, இடது பாதம் மட்டும் திரும்பவில்லை. நடந்தால் முன்பாதம் தொங்கி, தரையில் இழுபடும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்துப் பாதத்துக்கு அடியில் போய் முடியும், மூன்று ஒட்டுப்பட்டைகள் இருக்கும். அவளுக்கே கட்டிக்கொள்ள வரும். ஆனால் இவர் விட வேண்டுமே. தினமும் காலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டைகளை இழுத்துப் பிடித்து, பலகைக்குக் கிளாம்ப் போடுவதுபோல் போட்டுவிட்டுத்தான் தன் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் பார்த்தால் அவள் காலில் ஒரு தடம் இருக்காது. அதனால் தன் இறுக்கம் சரிதானா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கால் போன பிறகு அவளைத் திரும்ப வெளியே கொண்டுவந்தது அந்தக் கார்தான். பழைய வண்டி, ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியரை அதுவே பார்த்துக்கொள்ளும், இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கியவர் அவர். ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்தவள் அவள். முதல் தடவை தனியாகப் போய்விட்டு வந்த அன்று, வாசலில் நிறுத்திக் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தாள். இவர் பதறி ஓடிவந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவர் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தக் கார்தான் ஒழுக ஆரம்பித்தது. ஷெட்டுத் தரையில் தினமும் சிவப்பாக ஒரு வட்டம், நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“கியர் பாக்ஸ் முன்பக்கம் சீல் போயிடுச்சு சார். சீல் என்னமோ இத்தனூண்டு ரப்பர் வளையம்தான். ஆனா அதுக்குப் போகணும்னா பாக்ஸையே கீழ இறக்கணும். எனக்கு முன்னாடி நிக்கிற வண்டிங்கள நீங்களே பாருங்க. அடுத்த மாசம் கொண்டு வாங்க.”

“அதுவரைக்கும் ஓட்டலாமா?”

“ஆயில் இல்லாம ஓட்டினா பாக்ஸே போயிடும் சார்.”

அடுத்த மாசம். வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் அவர் மண்டையில் ஓடியது. அதுவரை அவள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பக்கவாதம் வந்த வருஷம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது, அதில் அவள் திரும்ப உட்காரக் கூடாது. சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு வருகிறது. கழற்றி மாட்டுவதில்தான் மனுஷன் தலை நரைத்திருக்கிறார். சமையலறை அலமாரி ஒன்றை மொத்தமாகப் பிரித்து இன்னொரு வீட்டில் பூட்டுகிற ஆளுக்கு ஒரு பெட்டியை இறக்கி ஏற்றத் தெரியாதா?

“உங்களுக்குத் தெரியுமா அது?” என்று கேட்டாள் அவள்.

“கழட்டணும், வளையத்த மாத்தணும், மாட்டணும். இதுல என்ன இருக்கு?”

அவளுடைய தம்பி வேறோர் ஊரில் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறான். விஷயம் தெரிந்து போன் செய்தான். “அத்தான், நான் வர்றவரைக்கும் பொறுங்களேன்.” இவர் பொறுக்கிற ஆள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். கடைசியில், “சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க” என்றான். “பாக்ஸோட முன்னாடி கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கும், பெரிய பூசணிக்கா மாதிரி. அத எடுத்துட்டுத் திரும்ப மாட்டும்போது, சுத்திக்கிட்டே உள்ள தள்ளணும். மூணு தடவ ‘டக்’குனு உள்ள விழும். மூணும் விழுந்தாத்தான் பாக்ஸ மேல ஏத்தணும்.”

“மூணு. சரி.”

“கையால தள்ளினாலே விழணும் அத்தான். தானா போகணும்.”

“சரிப்பா, சரி.”

இறக்குகிற வேலையை அவர் செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குறை சொல்ல வந்த நானே வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டியைத் தூக்கி நாலு பக்கமும் முக்காலி கொடுத்து, ஆட்டிப் பார்த்து, திரும்பவும் ஆட்டிப் பார்த்தார். சிவப்பு ஆயிலைத் தட்டில் வடித்தார். பின் சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். ஒரு பலகையில் பெட்டியின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே துளை போட்டு அந்தந்த போல்ட்டைச் செருகி வைத்தார். கன்வெர்ட்டரை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரு சின்ன ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகத்தான் கண்ணில் படும். எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வருகிறதை வருகிறதைக் கழற்ற வேண்டும். அதையும் பொறுமையாகச் செய்தார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தொட்டில். பெட்டி ஆள் கனம். ஜாக்கின் தலையில் அது உருளாமல் உட்கார, பெட்டியின் அடிவயிற்று வளைவை அட்டையில் அளவெடுத்து, பிளைவுட்டில் அறுத்து, உள்ளே கம்பளித் துணி ஒட்டி ஒரு தொட்டில் செய்திருந்தார். பெட்டி அதில் இறங்கி உட்கார்ந்தபோது குழந்தையை வாங்கிக்கொண்டதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் ஷெட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு அலமாரி செய்யக்கூட இவ்வளவு பாடுபடலையே நீங்க.”

“உனக்கு வேணும்னா இதுக்குக் கதவு வச்சுத் தரேன், துணிய அடுக்கிக்க.”

பழைய சீல் வளையத்தை நெம்பி எடுத்தார். புது வளையத்தை அடித்து இறக்க அளவாக ஒரு மரக்கட்டையைக் கடைந்து வைத்திருந்தார். நாலு தட்டு. வளையம் ஒரு முடி அளவுகூடச் சாயாமல் போய் உட்கார்ந்தது. அந்த நிமிஷம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் யாராவது வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் ஆதங்கம்.

கன்வெர்ட்டரை மார்போடு அணைத்துத் தூக்கி முன்பக்கம் செருகினார். சுற்றினார், தள்ளினார். டக். இன்னும் சுற்றினார். டக். அப்புறம் சுற்றிக்கொண்டே இருந்தார், ஒன்றும் விழவில்லை. கை கடுத்தது. அறுப்பு மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது எப்போதோ பாதி மந்தமாகியிருந்தது. மூன்றாவது விழுந்து, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் வசதியாக இருந்தது, அதனால் அங்கேயே தங்கிவிட்டது.

“ரெண்டுதான் கேட்டுச்சு” என்றாள் அவள்.

“மூணு. நீ அங்கிருந்து என்னத்தக் கேட்ட?”

பெட்டி தொட்டிலோடு மேலே ஏறியது. எஞ்சினுக்கு நேராக வந்தது. போய் ஒட்டியது, ஆனால் முழுக்க ஒட்டவில்லை. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சந்து. இரண்டு விரல் போகும். அசைத்துப் பார்த்தார், தோளால் தள்ளிப் பார்த்தார். சந்து அப்படியே இருந்தது.

அவள் ஸ்டூலிலிருந்து குனிந்து பார்த்தாள். “உள்ள ஏதோ தடுக்குது போலிருக்கே. வெளிய எடுத்துத் திரும்பச் சுத்திப் பாருங்களேன். முடி சிக்கிட்டா நான் இழுக்கவா செய்யறேன்? விட்டுட்டுத் திரும்ப முதல்லேருந்து வருவேன்.”

அவள் வேறு என்ன சொல்ல வேண்டும்? கியர் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் இதைவிடத் தெளிவாக என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் அவருடைய கண் சந்திலேயே நின்றுவிட்டது. ஒரு ஆயுள் முழுக்க எந்தச் சந்தையும் விட்டுவைக்காத கண் அது.

“இறுக்கினா வரும்” என்றார்.

பலகையிலிருந்து போல்ட்டுகளை எடுத்தார். மேலே ஒன்று, அதற்கு எதிரே கீழே ஒன்று, அப்புறம் இடம், அப்புறம் வலம். மேசைக்குக் கால் பூட்டுகிற அதே முறை, ஒவ்வொன்றையும் அரைத் திருகு. சந்து ஒரு விரலாகியது. பிறகு ஸ்பேனர் கனத்தது, அவர் ஒரு குழாயைச் செருகிப் பிடியை நீளமாக்கிக்கொண்டார். ஏதோ ஒரு இடத்தில் உள்ளே ‘நறுக்’ என்றது. அது அவர் காதுக்கே கேட்டது. அப்புறம் போல்ட்டுகள் லேசாக ஏறின. சந்து மூடியது. விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார், நகம்கூட நுழையவில்லை.

“கேட்டியா? இப்ப விழுந்துச்சு மூணாவது” என்றார்.

அவள் தடியை ஊன்றி எழுந்து உள்ளே போனாள்.

மற்றதெல்லாம் மளமளவென்று ஏறியது. தண்டு, பைப்புகள், ஒயர், புது ஆயில். லீவின் கடைசி நாள் மத்தியானம் வண்டியை முக்காலியிலிருந்து இறக்கிச் சக்கரத்தில் நிறுத்தினார். குளித்துவிட்டு வந்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, அவளைக் கூப்பிட்டார். ஸ்டார்ட் செய்வது அவளாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவள் சாவியைத் திருப்பினாள். கல்லரைக்கிற இயந்திரத்தில் யாரோ கரண்டியைப் போட்டுவிட்டதுபோல் ஒரு சத்தம். அவள் பயந்து கையை எடுத்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப முயன்றாள். எஞ்சின் ஓடியது, சத்தமும் ஓடியது. கியர் லீவரை முன்னே போட்டாள், பின்னே போட்டாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. அடியிலிருந்து சிவப்பு ஆயில் நூலாக இறங்கி, சாய்வு இருந்த பக்கம் பார்த்து ஓடியது. அவர் அதைக் கையால் தடுக்கப் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

“மாட்டினப்புறம் அந்தச் சின்ன ஜன்னல் வழியா கன்வெர்ட்டரக் கையால ஆட்டிப் பாத்தீங்களா அத்தான்?”

“பாத்தேனே. ஒரு நூல்கூட ஆடல. கல்லு மாதிரி இருந்துச்சு.” அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அது ஆடணும் அத்தான். கையால அசைச்சா முன்ன பின்ன அசையணும். ஆடலன்னா அது உள்ள போகவே இல்லன்னு அர்த்தம். போகாம இறுக்கினா உள்ள இருக்கிற பம்ப் உடைஞ்சிரும்.”

“உடைஞ்சா வேற போட்டுக்கலாமே?”

“அந்த வண்டி வர்றதே நின்னு போச்சே. எங்கயாவது கிடைக்குதான்னு தேடணும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. மூணு சத்தம்னு சொன்னேனே அத்தான்.”

“கேட்டுச்சுப்பா” என்றார் அவர். பிறகு, “எனக்குக் கேட்டுச்சு” என்றார்.

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதுதான். ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். பலகையைத் துடைத்தார். வண்டியில் போல்ட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் அழுத்தமாக இருந்தன, இனி இறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. காரின் பின் சக்கரத்தோரம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கைத்தடிச் சத்தம் வந்தது. அவள் அந்தப் பக்கமாக வந்து, கார்க் கதவைத் திறந்து, வழக்கம்போல் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். போன் பேசத்தான் வந்திருக்கிறாள். முடி வெட்டப் போகிற வீட்டு ஆட்களோடு அவள் பேசுவதெல்லாம் எப்போதும் காரில் உட்கார்ந்துதான்.

ஆனால் போனை எடுப்பதற்கு முன் அவள் குனிந்தாள். சர்ரென்று ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டைகளைத் தளர்த்தித் திரும்ப ஒட்டினாள். கெண்டைக்காலைக் கையால் கொஞ்ச நேரம் தேய்த்தாள். கண்ணை மூடி, மூச்சை விட்டு, இருக்கையில் சாய்ந்தாள். தேடித் தடவாமல், யோசிக்காமல், சீட் பெல்ட் போடுகிற மாதிரி செய்தாள். தினமும் செய்கிறவள்தான் அப்படிச் செய்வாள்.

சாயங்காலம் அந்தக் காலில் ஏன் ஒரு தடம்கூட இருந்ததில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அவர் கண்ணுக்கு மறைவாக, அவர் மனசு நோகாமல், அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுக்கொள்ள அவளுக்கென்று இருந்த இடம் இந்தக் கார். எழுந்து போய் ஏதாவது சொல்லலாம். என்ன சொல்வது?

அவள் பேசிக்கொண்டிருந்தாள். “இல்லங்க மாஸ்டர், நாளைக்கு வர முடியாதுங்க... கார் கொஞ்சம் சரியில்ல... தெரியலங்க, எப்பன்னு சொல்ல முடியல... அய்யோ, அவர் பாவம், நாலு நாளா அடியில படுத்துக் கெடந்தார். பழைய வண்டி, அவர் என்ன பண்ணுவார்... நீங்க சீப்ப மட்டும் போட்டு வாரி வச்சுக்கங்க. நான் வந்துடுவேன்.”

அவர் அங்கேயே, சக்கரத்தோரம், சின்னப் பிள்ளை ஒளிந்திருப்பதுபோல் இருந்தார். அவள் பேசி முடித்து, திரும்பவும் பட்டைகளை அவர் இறுக்கி விடுகிற அளவுக்கே இறுக்கிக்கொண்டு, தடியை ஊன்றி வீட்டுக்குள் போகிறவரை அசையவில்லை.

மறுநாள் காலையில் கை பழக்கத்தில் தாங்கியை எடுத்துக்கொண்டு வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் காலை நீட்டினாள். முதல் பட்டையை இழுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

“என்னது எவ்வளவு?”

“எவ்வளவு இறுக்கணும்?”

அவள் அவரையே பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. மெதுவாகச் சொன்னாள், “ரெண்டு விரல் போகணும்.”

அவர் இரண்டு விரலை உள்ளே வைத்து, அதன் மேல் பட்டையை ஒட்டி, விரலை உருவினார். சந்து நன்றாகத் தெரிந்தது. விட்டுவிட்டார். அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. மூன்றாவது மட்டும் பழக்கத்தில் இறுகிவிட்டது, பிரித்துத் திரும்ப ஒட்டினார்.

“சரியா இருக்கா?”

அவள் எழுந்து நின்றாள். ஜன்னலோரத்து நாற்காலி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். “சரியா இருக்கு. வலியே இல்ல” என்றாள். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறவள்போல் கேட்டாள்.

“ஆனா இன்னிக்கு எதுக்குங்க கட்டினீங்க? எங்க போகப் போறேன்?”